பாலத்தின் மேலேயே நிற்கும் லாரி: பலப்படுத்தும் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2018 ஜூலையில் மத்திய அரசு லாரிகளின் எடை வரம்பை உயர்த்தியது. இரண்டு அச்சு லாரிக்கு 16.2 டன்னாக இருந்தது 18.5 ஆனது. பெரிய வண்டிகளின் உச்ச வரம்பு 49 டன்னிலிருந்து 55 ஆனது. லாரிக்காரருக்கு ஒரு அறிவிப்பு போதும். பழைய பாலத்துக்கு வேலை பார்த்தாக வேண்டும், அந்த வேலையிலும் கோட்டை விடுகிற இடங்கள் உண்டு.

நாம் எல்லோரும் பார்த்திருக்கும் தவறு, தார் மேல் தார். சாலையைப் புதுப்பிக்கும்போது அப்படியே பாலத்தின் மேலும் இழுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். 20 மீட்டர் நீளம், 7.5 மீட்டர் அகலமுள்ள ஒரு கண்ணில் (இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி) 5 சென்டிமீட்டர் கனத்துக்குப் போட்டால், கன மீட்டருக்கு 2.3 டன் வீதம் 17 டன்னுக்கு மேல் வருகிறது. பாரம் ஏற்றிய ஒரு லாரியை இரவும் பகலும் அங்கேயே நிறுத்தி வைத்த மாதிரிதான். மூன்று முறை போட்டால் மூன்று லாரி. முதலில் அதைச் சுரண்டி எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அமெரிக்காவின் மினியாபொலிஸில் 2007 ஆகஸ்ட் 1 அன்று மிசிசிப்பி ஆற்றுப் பாலம் விழுந்து 13 பேர் இறந்தார்கள். இரும்புச் சட்டங்களை இணைக்கும் தகடுகள் வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தன. அது வடிவமைப்பிலேயே நேர்ந்த பிழை. அதோடும் நாற்பது ஆண்டுகள் தாங்கிய பாலம் அது. இடையில் தளத்தின் மேல் கூடுதல் கான்கிரீட் ஏறியது. கடைசி நாளில் சீரமைப்புக்கான மணலும் ஜல்லியும் வண்டிகளும் ஒரே இடத்தில் குவிந்து கிடந்தன.

மொத்த எடையை மட்டும் பார்ப்பதும் தவறு. சிறு பாலத்தில் நீள லாரி முழுதாக ஏறுவதே இல்லை, ஒன்றிரண்டு அச்சுகள்தான் நிற்கும். அங்கே 55 டன்னைவிட, பின் அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 ஆனதுதான் முக்கியம்.

அடுத்தது, உத்திரத்தின் அடியில் இரும்புத் தகடோ கார்பன் ஃபைபர் பட்டையோ ஒட்டிவிட்டு, பழைய சுமையையும் அது பங்கு போட்டுக்கொள்ளும் என்று நம்புவது. ஜாக்கி வைத்து உத்திரத்தைத் தூக்கிச் சுமையைத் தளர்த்திவிட்டு ஒட்டாவிட்டால், ஒட்டிய பிறகு வரும் பாரத்தில்தான் அதற்குப் பங்கு. உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பொரிந்திருந்தால் அதுவும் இல்லை, பட்டை மேல்தோலோடு உரிந்து வந்துவிடும்.

உத்திரத்தைப் பலப்படுத்திவிட்டு, அது உட்கார்ந்திருக்கும் பேரிங்கையும் தூணையும் மறப்பது பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடைசியாக, வேலை முடிந்ததும் சோதிக்காமல் திறப்பது. கணக்கிட்ட பாரத்தைப் பாலத்தில் 24 மணி நேரம் வைத்து எவ்வளவு தொய்கிறது என்று அளக்க வேண்டும். பாரத்தை இறக்கிய பிறகு, இன்னொரு 24 மணி நேரத்துக்குள் சாதாரண கான்கிரீட் பாலமானால் தொய்வில் குறைந்தது 75 சதவீதமாவது மீள வேண்டும். மீளவில்லையா, ரிப்பனைச் சுருட்டி வையுங்கள்.