மின்சூளையில் வரமிளகாய்ச் சிவப்பு: இரும்பு மெருகைக் கலந்து சோதிக்கும் முறை

சீனத்தின் ஜிங்தெசென் சூளைகளில், மிங் அரசர் சுவாந்தெயின் ஆட்சிக் காலத்தில் (1426–1435) பெயர் பெற்ற சிவப்புக் கலங்களின் மெருகுக்கு, அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் மேற்பூச்சுக்கு, நிறம் தந்தது செம்பு. ஆக்சிஜன் குறைந்த ஒடுக்கச் சூளையில் மட்டுமே செம்பு அவ்வாறு சிவக்கும். காற்று தாராளமாக உள்ள மின்சூளையில் அதே செம்பு பச்சையாகிவிடும். ஆகவே மின்சூளை வைத்திருப்பவர் வேறு வழிகளைத்தான் நாட வேண்டும். குரோமியத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்து மாதுளை விதையின் நிறத்தைப் பெறலாம். ஆனால் கலவையில் துத்தநாகம் இருந்தால் அது பழுப்பாகும், குரோமிய ஆவி பக்கத்தில் உள்ள வெள்ளைக் கிண்ணத்தையும் இளஞ்சிவப்பாக்கலாம். காட்மியம் அடங்கிய ஆயத்த நிறமிகள் பளிச்சென்ற சிவப்பைத் தரும், ஆனால் விலை அதிகம். தொடக்க நிலையில் உள்ளவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இரும்பு. ஜப்பானின் மஷிகோவில் குயவர் ஹமதா ஷோஜி பயன்படுத்திய ‘காகி’ மெருகும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இரும்பு எப்படிச் சிவக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். உச்ச வெப்பத்தில் இரும்பு ஆக்சைடு உருகிய மெருகில் கரைந்துவிடுகிறது. அந்த நிலையில் அது பழுப்பு அல்லது கருப்புதான். சூளை ஆறும்போது, கரைந்த இரும்பில் ஒரு பகுதி காற்றிலுள்ள ஆக்சிஜனை மீண்டும் ஏற்று, மெருகின் மேற்பரப்பில் நுண்ணிய ஹேமடைட் (சிவப்பு இரும்பு ஆக்சைடு) படிகங்களாகப் பிரிகிறது. நாம் காணும் சிவப்பு அந்தப் படிகங்களின் சிவப்பு. நம் கோலத்துக்குக் கரை இடும் காவியின் சிவப்பும் அதே இரும்பு ஆக்சைடால் வருவதுதான். கலவையில் சேர்க்கும் எலும்புச் சாம்பலின் பாஸ்பேட் இந்தப் பிரிதலுக்குத் துணை செய்கிறது.

முதல் படி, சோதனை வில்லைகள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் களிமண்ணிலேயே 3 செ.மீ. அகலமும் 7 செ.மீ. உயரமும் கொண்ட, நிமிர்ந்து நிற்கும்படி அடி வைத்த வில்லைகளைச் செய்து, சுமார் 1000 டிகிரி செல்சியஸில் முதல் சூளை வைத்து எடுக்கவும். படுக்கைவாட்டில் வைக்கும் வில்லை, மெருகு வழிந்து ஓடுமா என்பதைக் காட்டாது. ஒவ்வொன்றின் அடியிலும் இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் குழைத்து எண்ணிடவும். பேனா மை சூளையில் எரிந்துவிடும்.

இரண்டாம் படி, அடிக்கலவை. பல பட்டறைகளில் புழங்கும் ஒரு நல்ல தொடக்க அளவு இது: பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பார் 192 கிராம், டால்க் 68, எலும்புச் சாம்பல் 60, சிலிக்கா 44, சீனக்களிமண் 20, லித்தியம் கார்பனேட் 16, ஆக 400 கிராம். இதன் மேல், கலவை அடியில் படியாமல் தாங்கும் பென்டோனைட் என்ற களிமண் 8 கிராம். டால்க் என்பது மாக்கல் சட்டி செய்யும் கல்லில் உள்ள அதே கனிமம்தான். ஆனால் கையில் கிடைக்கிறதே என்று சிலிக்காவுக்குப் பதிலாகக் கல் கோலமாவையோ, இரும்பு ஆக்சைடுக்குப் பதிலாகக் கடைக் காவியையோ போட வேண்டாம்: கோலமாவு எந்தக் கல்லின் தூள் என்பது தெரியாது, காவியில் இரும்பு எவ்வளவு, மண் எவ்வளவு என்பதும் தெரியாது. எடையிடும்போது N95 முகக்கவசம் கட்டாயம். சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கிவிடும், லித்தியமும் உடலுக்குள் போகக் கூடாத பொருள். எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு நன்றாகக் குலுக்கி, தூசி அடங்கப் பத்து நிமிடம் விட்டுத் திறக்கவும்.

மூன்றாம் படிதான் இந்த முறையின் உயிர்நாடி. கலவையைச் சரிபாதியாக, 204 கிராம் வீதம் பிரிக்கவும். ஒரு பாதியில் சிவப்பு இரும்பு ஆக்சைடு 8 கிராமும் (பென்டோனைட் நீங்கலான அடிக்கலவையில் 4 விழுக்காடு), மறுபாதியில் 32 கிராமும் (16 விழுக்காடு) சேர்க்கவும். ஒவ்வொன்றையும் 180 மில்லி தண்ணீரில் தூவி, ஓர் இரவு ஊறவிட்டு, 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் இரு முறை சலிக்கவும். பிறகு சல்லடையைக் கழுவிய நீரையும் சேர்த்து, இரண்டையும் துல்லியமாக 300 மில்லி அளவுக்குக் கொண்டுவரவும். கன அளவு சமமாக இருப்பதால், இனித் தராசு தேவையில்லை. ஐந்து குறுகலான குவளைகளில் முதல் கரைசலையும் இரண்டாம் கரைசலையும் 80–0, 60–20, 40–40, 20–60, 0–80 மில்லி என ஊற்றிக் கலக்கினால், இரும்பு 4, 7, 10, 13, 16 விழுக்காடு என்ற வரிசை கிடைத்துவிடும். எலும்புச் சாம்பல் உள்ள கரைசல் சில நேரம் கூழ் போல இறுகும்; அப்போது தண்ணீரைக் கூட்டாமல், சோடியம் சிலிகேட் ஓரிரு துளி விட்டுக் கலக்கிப் பார்க்கவும்.

நான்காம் படி, பூச்சு. வில்லையைத் தலைகீழாகப் பிடித்து மூன்று நொடி அமிழ்த்தி எடுக்கவும். அடிப்பகுதி மெருகின்றி நிற்கட்டும். ஈரப் பளபளப்பு மறைந்ததும் மேல்பாதியை மட்டும் மீண்டும் அமிழ்த்தவும். ஒரே வில்லையில் மெல்லிய பூச்சும் தடித்த பூச்சும் அமைவது மிக முக்கியம், ஏனெனில் இந்த மெருகு மெல்லியதாக இருந்தால் பழுப்பாகவே நிற்கும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிப்பில்தான் சிவக்கத் தொடங்கும்.

ஐந்தாம் படி, சூடும் ஆறுதலும். ஆர்ட்டன் கூம்பு 6 (குறித்த சூட்டில் வளைந்து காட்டும் சிறு கூம்பு) வளையும் வரை, அதாவது சுமார் 1220 டிகிரி வரை சூடேற்றவும். வில்லைகளுக்கு அடியில் பழைய ஓட்டுத் துண்டுகளை வைத்தால், மெருகு வழிந்தாலும் சூளைத் தட்டு தப்பும். உச்சத்தை அடைந்த பின் 1000 டிகிரி வரை சூளை தானாக இறங்கட்டும். அங்கிருந்து 760 டிகிரி வரை மணிக்கு 70 டிகிரிக்கு மேல் இறங்காதபடி சுவிட்சைக் குறைத்து வைத்து, மூன்றரை மணி நேரம் காத்திருக்கவும். சிறிய சூளை வேகமாக ஆறும் என்பதால், காலி இடங்களைச் சூளைத் தட்டுகளாலும் அவற்றைத் தாங்கும் கால்களாலும் நிரப்பி வைப்பது நல்லது. என் முதல் சோதனையில் ஆறும் நேரத்தில் மின்வெட்டு வந்து, ஐந்து வில்லைகளும் ஈரல் நிறத்தில் வெளிவந்தன. நான் கலவையைக் குறை கூறி, இரும்பின் அளவை மாற்றி மாற்றி மூன்று சூளைகளை வீணாக்கினேன். பிறகு அந்தப் பழைய வில்லைகளையே மீண்டும் 1000 டிகிரிக்குச் சூடேற்றி மெதுவாக ஆறவிட்டபோது, நடுவில் இருந்த இரண்டு வரமிளகாய் போலச் சிவந்தன.

வில்லைகளைப் பகல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்துப் படிக்கவும். ஐந்தின் தடித்த பகுதியும் பழுப்பாக இருந்தால், ஆறுதல் வேகமாக நடந்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்கவும். தடித்த பகுதி மட்டும் சிவந்திருந்தால், கலவை சரியாக உள்ளது, பூச்சுதான் போதவில்லை. வழிந்து அடியில் திரண்டிருந்தால் சூடு மிகுதி. பொதுவாக 4 விழுக்காட்டில் பழுப்பும், 10 முதல் 13 வரை ஆழ்ந்த சிவப்பும், 16-இல் கருமை கலந்த உலோகப் பளபளப்பும் தென்படும். சிவந்த வில்லைக்கு இரு பக்கமும் ஒரு விழுக்காடு இடைவெளியில் அடுத்த வரிசையைச் செய்தால், உங்கள் களிமண்ணுக்கும் உங்கள் சூளைக்கும் பொருந்தும் அளவு அகப்படும்.

தேர்ந்த மெருகை உணவுக் கலத்தில் பூசும் முன், ஒரு வில்லையைப் பாதி மூழ்கும்படி வினிகரில் ஒரு நாள் வைத்து, கழுவித் துடைத்து, இரு பாதிகளையும் ஒப்பிடவும். நிறமோ பளபளப்போ மாறியிருந்தால் அது பூச்சாடிக்கு மட்டுமே உரியது. மாறாதிருந்தாலும், லித்தியம் இருப்பதால், ஆய்வகத்தில் கசிவுச் சோதனை செய்த பிறகே சாப்பாட்டுத் தட்டில் பூசவும்.