எம்.டெஸ் நேர்காணலுக்குத் தயாராவது: உங்கள் வேலையை நீங்களே விளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

எம்.டெஸ் என்கிற முதுநிலை வடிவமைப்புப் படிப்புக்கான நுழைவுத் தேர்வின் முடிவு வந்ததும் வாட்ஸாப் குழுக்களில் கிளம்பும் முதல் கேள்வி, "இண்டர்வியூல என்ன கேப்பாங்க?" என்பதுதான். அதற்குப் பட்டியல் போட்டுப் பதில் எழுதிய பிடிஎஃப்கள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு போவதால்தான் நன்றாக வரையத் தெரிந்த பிள்ளைகள்கூட உள்ளே போய்த் தடுமாறுகிறார்கள் என்பது என் உறுதியான எண்ணம். ஒரு பொருளையோ, அச்சான ஒரு பக்கத்தையோ, ஒரு இடத்தையோ பார்க்கும்போது நீங்கள் எதைக் கவனிக்கிறீர்கள், கவனித்ததை வைத்து எப்படி ஒரு முடிவுக்கு வருகிறீர்கள் என்பதைத்தான் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். தயாரிப்பு முழுவதையும் இதைச் சுற்றியே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எந்த நேர்காணல் என்பதில் தெளிவு வேண்டும். ஐஐடி பம்பாய் நடத்தும் சீட் (CEED) என்கிற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண் மட்டும் உங்களுக்கு இடம் வாங்கித் தராது. அதை வைத்து பம்பாய், டெல்லி, குவாஹாட்டி, ஹைதராபாத், கான்பூர் ஐஐடிகளும் பெங்களூர் ஐஐஎஸ்சியும் தனித்தனியாக விண்ணப்பம் வாங்கி, தனித்தனியாக அழைப்பார்கள். என்ஐடி என்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் வழி வேறு. அங்கே டாட் (DAT) என்கிற நுழைவுத் தேர்வு, அதன் இரண்டாம் கட்டத்தில் கையால் செய்துகாட்டும் ஸ்டுடியோ டெஸ்ட், நேர்காணல் என்று போகும். என்ஐடியில் நீங்கள் துறையைத் தேர்ந்தெடுத்துத்தான் விண்ணப்பிக்கிறீர்கள். துறைகளும் வளாகம் வளாகமாகப் பிரிந்து கிடக்கின்றன: கிராஃபிக் டிசைன், டெக்ஸ்டைல், செராமிக் எல்லாம் அகமதாபாத்தில், பொம்மை வடிவமைப்பும் வாகன வடிவமைப்பும் காந்திநகரில், இண்டராக்ஷன் டிசைன் பெங்களூரில். "எந்தத் துறை கிடைத்தாலும் சரி சார்" என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துவிடும். எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு மதிப்பெண், அழைப்பு முறை, நேரடியா ஆன்லைனா என்பதெல்லாம் ஆண்டுக்காண்டு மாறும். அந்த ஆண்டின் கையேட்டைத் தவிர வேறு எதையும் நம்ப வேண்டாம்.

சரி, போர்ட்ஃபோலியோ, அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பு. நேர்காணலின் பெரும்பகுதி அதன் மேல்தான் ஓடும். ஐந்தாறு வேலைகள் போதும். பன்னிரண்டாம் வகுப்பில் வரைந்த பென்சில் ஓவியம், கல்லூரி விழா போஸ்டர், அக்கா கல்யாணப் பத்திரிகை என்று எல்லாவற்றையும் திணித்தால் பக்கம் கூடும், நீங்கள் யார் என்பது அதில் காணாமல் போய்விடும். ஒவ்வொரு வேலைக்கும் கடைசிப் படத்தைவிட வழியில் நடந்ததற்கு அதிக இடம் கொடுங்கள். யாரிடம் போய்ப் பேசினீர்கள், எதைப் பார்த்தீர்கள், அட்டையிலும் தெர்மோகோலிலும் செய்து பார்த்த மாதிரிகள் என்ன ஆயின, எந்த யோசனையை ஏன் தூக்கிப் போட்டீர்கள், இதெல்லாம் தெரிய வேண்டும். தூக்கிப் போட்ட யோசனையைப் பற்றி ஒருவர் தெளிவாகப் பேசினால் அந்த வேலையை அவர்தான் செய்தார் என்பதற்கு வேறு சான்றே தேவையில்லை. கோச்சிங் மையங்களில் ஒரே ப்ராஜெக்டை நிறம் மாற்றிப் பலருக்கும் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான போர்ட்ஃபோலியோ பார்ப்பவர்களுக்கு அது முதல் பக்கத்திலேயே பிடிபடும்.

குழுவாகச் செய்த வேலை என்றால் உங்கள் பங்கு எது என்பதை அந்தப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஏஐ கருவியில் உருவாக்கிய படம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், எதற்காகப் பயன்படுத்தினீர்கள் என்பதோடு சேர்த்து. அப்புறம், உட்கார்ந்து ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து "ஏன்?" என்று உங்களையே கேளுங்கள். ஏன் இந்த அளவு, ஏன் இந்த மரம், ஏன் இந்த எழுத்துரு, ஏன் இந்தப் பொத்தான் இடதுபக்கம். பதில் வராத பக்கத்தை எடுத்துவிடுவது நல்லது. "பார்க்க அழகாக இருந்தது" என்பதும் ஒரு பதில்தான், ஆனால் எது அழகாக இருந்தது என்று அடுத்த கேள்வி வரும்.

கவனிக்கும் பழக்கத்துக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாகத்தான் 1961-இல் அகமதாபாத்தில் என்ஐடி பிறந்தது. அறிக்கையில் அவர்கள் வியந்து வியந்து எழுதியது லோட்டா என்கிற தண்ணீர்ச் செம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்கும் கை எவ்வளவு பெரியது, தலையிலா இடுப்பிலா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கிறது, ஊற்றும்போது எப்படி விழுகிறது, என்ன விலை, கையில் வைத்திருப்பவருக்கு எப்படி இருக்கிறது என்று ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே போகிறார்கள்.

அந்தக் கேள்விகளை எடுத்து நம் தெருவில் இருக்கும் பிளாஸ்டிக் குடத்தின் மேல் போடுங்கள். கழுத்து ஏன் குறுகல்? நடக்கும்போது தண்ணீர் அலம்பி வெளியே வராமல் இருக்க. விளிம்பு ஏன் வெளியே மடிந்திருக்கிறது? நான்கு விரல் கோத்துத் தூக்க. வயிறு அகன்று கழுத்து ஒடுங்குவதால்தான் இடுப்பில் வைத்து ஒரு கையால் கழுத்தைச் சுற்றிப் பிடிக்க முடிகிறது. பித்தளையிலிருந்து பிளாஸ்டிக்குக்கு மாறியபோது உருவம் அப்படியே நின்று எடை மட்டும் குறைந்தது. லாரித் தண்ணீருக்கு வரிசையாக வைக்கும்போது நிறம்தான் யாருடையது என்று காட்டுகிறது. குழாயடியில் அரை மணி நேரம் நின்றால் இன்னும் பத்து விஷயம் கிடைக்கும், அதில் சிலவற்றை நான் இங்கே எழுதவில்லை, நீங்களே போய்ப் பாருங்கள். இப்படி ஊருக்குள் ஏழெட்டுப் பொருட்களை வரைந்து குறிப்பெழுதி வையுங்கள்: சாய்க்கும் கிரைண்டர், டவுன் பஸ் படிக்கட்டு, டீக்கடை கண்ணாடி கிளாஸ், ரேஷன் கடை எடைமேடை. "உங்களைத் தொந்தரவு செய்யும் ஒரு பொருளைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் எல்லாரும் சொல்லும் சார்ஜர் வயரை விட்டுவிட்டு இதில் ஒன்றை எடுத்துப் பேசலாம்.

"இன்ஜினியரிங் படித்துவிட்டு ஏன் இங்கே?" என்பது தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வரும் கேள்வி. படித்ததைத் திட்டாதீர்கள். மெக்கானிக்கல் படித்தவருக்கு ஒரு மூட்டு எப்படி உடையும் என்று தெரியும், அது ஒரு பலம், அதை ஒரு வேலையோடு இணைத்துச் சொல்லுங்கள். ஓவியக் கல்லூரியிலிருந்து வருபவர்கள் தயங்கவே வேண்டாம். என்ஐடியைத் தொடக்கத்தில் கட்டி எழுப்பியவர்களில் ஒருவரான தசரத் படேல் சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர்தான்.

"பிடித்த வடிவமைப்பாளர் யார்?" என்றால் ஆப்பிள் என்று தொடங்காமல், நீங்கள் உண்மையிலேயே ஆழமாகப் பார்த்த ஒருவரைச் சொல்லுங்கள். கிராஃபிக் அல்லது எழுத்துரு பக்கம் போகிறவர்கள் உதயகுமாரின் வேலையைப் பார்க்கலாம். 2010-இல் ரூபாய்க் குறியை வடிவமைத்த அவர் ஐஐடி பம்பாயின் வடிவமைப்புப் பள்ளியான ஐடிசியில் முனைவர் ஆய்வு செய்தது தமிழ் எழுத்துருவியலில். ஆனால் "எனக்கு டைப்போகிராஃபி பிடிக்கும்" என்று சொல்வதானால் உங்கள் தாய்மொழி எழுத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பாருங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்தில் ணை, லை, னை போன்ற எழுத்துகள் எப்படி மாறின, அதனால் அச்சில் என்ன எளிதானது என்று அங்கேயே ஒரு தாளில் வரைந்து காட்ட முடிந்தால் நன்று.

ஆங்கிலம் பற்றிய பயம் நிறையப் பேரைத் தின்கிறது, அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சின்னச் சின்ன வாக்கியங்களில் பேசுங்கள். சொல் வராத இடத்தில் பேனாவை எடுத்து வரையுங்கள், இந்தத் துறையில் அது முழு மரியாதையுள்ள பதில். ஸ்கெட்ச்புக்கைக் கட்டாயம் கொண்டுபோங்கள், அழுக்கும் காபிக் கறையும் இருந்தாலும் அதுவே. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, கண்டுபிடிக்க வேண்டுமானால் எங்கிருந்து தொடங்குவேன் என்று ஒரு வரி சேருங்கள். உங்கள் யோசனையை அவர்கள் மறுத்தால் அது பெரும்பாலும் சோதனைதான். உடனே "ஆமாம் சார்" என்று மடங்கவும் வேண்டாம், சண்டைக்கும் போக வேண்டாம், காரணத்தைக் கேட்டு அங்கேயே யோசித்துப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

ஒத்திகைக்கு இரண்டு வகை ஆள் வேண்டும். ஒருவர் அந்தப் படிப்பு படித்த சீனியர் அண்ணனோ அக்காவோ. இன்னொருவர் டிசைன் என்றால் என்னவென்றே தெரியாத சித்தப்பாவோ அத்தையோ. முன்னவர் ஓட்டைகளைப் பிடிப்பார். பின்னவருக்கு இரண்டே நிமிடத்தில் உங்கள் ப்ராஜெக்ட் புரியவில்லை என்றால் விளக்கம்தான் கோளாறு. இரண்டையும் ஃபோனில் பதிவு செய்து கேளுங்கள்.

ஸ்டுடியோ டெஸ்டில் கம்பி, களிமண், காகிதம் என்று கொடுத்ததை வைத்து என்ன செய்தீர்களோ அதை வெளியே வந்ததும் நினைவிலிருந்து வரைந்து வையுங்கள், நேர்காணலில் அதைப் பற்றிக் கேட்கலாம். ஆன்லைன் என்றால் போர்ட்ஃபோலியோ கணினியிலேயே இருக்கட்டும், டிரைவ் லிங்க்கை நம்ப வேண்டாம். இன்னொரு ஃபோனை மேலிருந்து தாளைப் பார்க்கும்படி நிறுத்திவைக்க அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நேரில் என்றால் செய்த மாதிரிகளில் ஒன்றையாவது பையில் எடுத்துப் போங்கள், அவர்கள் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்கட்டும்.

முடிந்து வெளியே வந்ததும் ஃபோனை எடுத்து, கேட்ட கேள்விகள் எல்லாவற்றையும் எழுதிவிடுங்கள், குறிப்பாக நீங்கள் திணறியவற்றை. அடுத்த நிறுவனத்தின் அழைப்பு பெரும்பாலும் சில வாரங்களுக்குள் வந்துவிடும், அதற்கு இதைவிட நல்ல கேள்விப் பட்டியல் எந்த பிடிஎஃப்பிலும் கிடைக்காது.