பட்டரிலிருந்து தொடங்குங்கள்: டிஸ்க் கால்ஃபில் எறிதலும் வட்டுத் தேர்வும்

வட்டை எறிந்து, சங்கிலிகள் தொங்கும் கூடையில் குறைந்த எறிகளில் சேர்க்கும் ஆட்டமே டிஸ்க் கால்ஃப். 2021ஆம் ஆண்டின் டிஸ்க் கால்ஃப் உலகச் சாம்பியன் போட்டி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஆக்டன் நகரில் நடந்தது. இறுதிச் சுற்றின் 18ஆம் குழியில், அதாவது கடைசிக் கூடைக்கான ஆட்டத்தில், பால் மெக்பெத்துக்குப் பின்தங்கி நின்ற ஜேம்ஸ் கான்ராட் ஏறத்தாழ 75 மீட்டர் தொலைவிலிருந்து எறிந்த வட்டு நேராகக் கூடையின் சங்கிலிகளில் போய் விழுந்தது. ஆட்டம் சமனாயிற்று, தொடர்ந்து ஆடிய கூடுதல் குழியில் கான்ராட் பட்டத்தை வென்றார். அன்று அவர் எறிந்தது பட்டர் வகை வட்டு. கூடைக்குப் பக்கத்தில் நின்று மெதுவாக எறிவதற்கு மட்டுமே உரியது என்று பலர் பையின் மூலையில் ஒதுக்கி வைக்கும், வேகம் மிகக் குறைந்த வட்டு அது.

புதிதாக ஆட வருபவர் கடையில் முதலில் கையில் எடுப்பது பெரும்பாலும் விளிம்பு அகன்ற, வேக எண் 12 அல்லது 13 என்று அச்சிட்ட, மிகத் தொலைவு எறிவதற்கான டிஸ்டன்ஸ் டிரைவர் வட்டைத்தான். தொலைவாக எறிய வேண்டும் என்ற ஆசை இயல்பானதே. ஆனால் அந்த வட்டு கேட்கும் வேகத்தை அவர் கை இன்னும் கொடுக்காது. ஆகவே அது சிறிது தூரம் போவதற்குள் இடப்பக்கம் சரிந்து தரையில் குத்துகிறது. அதை ஈடுகட்ட அவர் வலப்பக்கம் தள்ளிக் குறிவைக்கவும், வட்டை மேல்நோக்கித் தூக்கி எறியவும் பழகிக்கொள்கிறார். சில மாதங்களில் அந்தப் பழக்கம் கையில் ஊறிவிடுகிறது, பிறகு அதைக் களைவது முதலில் கற்பதைவிடக் கடினம். பட்டர் அப்படி எதையும் மறைக்க விடாது. சாய்த்து எறிந்தால் சாய்ந்தே போகும், ஆட்டி எறிந்தால் ஆடியே போகும். எறிதலையும் கூடையில் இடுவதையும் வட்டுகளைத் தெரிந்தெடுப்பதையும் இந்த ஒரு வட்டிலிருந்தே கற்கத் தொடங்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

இங்கே கூறும் திசைகள் அனைத்தும் வலக்கையால் பேக்ஹேண்ட் முறையில், அதாவது கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் புறங்கை முன்செல்ல எறிபவருக்கு உரியவை. இடக்கைக்காரர்கள் இடத்தையும் வலத்தையும் மாற்றிப் படித்துக்கொள்ள வேண்டும்.

வட்டு ஏன் வளைகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. சுழலும் பம்பரத்தைப் பக்கத்திலிருந்து தட்டினால், அது தட்டிய திசையிலேயே விழாமல் அதற்குக் குறுக்கான திசையில் சாய்ந்து வட்டமிடும். பறக்கும் வட்டும் ஒரு பம்பரமே. வலக்கை பேக்ஹேண்டில் அது மேலிருந்து பார்க்கக் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. வேகம் மிகுந்திருக்கும்போது காற்றின் அழுத்தம் அதன் முன்விளிம்பைக் கீழே தள்ளப் பார்க்கிறது. சுழற்சியின் காரணமாக அந்தத் தள்ளல் வலப்பக்கச் சாய்வாக மாறுகிறது. இதையே டர்ன் என்கிறார்கள். வேகம் குறையும்போது அழுத்தம் முன்பக்கத்துக்கு நகர்ந்து முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கிறது, வட்டு இடப்பக்கம் சாய்கிறது. இது ஃபேட். வட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களில் கடைசி இரண்டும் இவற்றையே குறிக்கின்றன. முதல் எண் வேகம், இரண்டாவது கிளைட் என்னும் மிதக்கும் தன்மை. சுழற்சி போதாத வட்டு எந்த எண்ணுக்கும் கட்டுப்படாது என்பதையும் இதிலிருந்தே உணரலாம்.

இனி எறிதல். ஓடி வந்து எறிவதைச் சில வாரங்களுக்குத் தள்ளிவைத்து, நின்ற இடத்திலிருந்தே எறியுங்கள். வலத்தோள் இலக்கைப் பார்க்க, கால்களைத் தோளகலத்துக்குச் சற்று அதிகமாக அகற்றி, முழங்கால்களை இளக்கமாக வைத்து நிற்க வேண்டும். நான்கு விரல்களையும் விளிம்பின் உட்பக்கம் மடக்கி, கட்டைவிரலை மேலே அழுத்திப் பிடிப்பது வலுவான பிடி. பட்டருக்கு விரல்களை அடித்தட்டில் விசிறிபோல் விரித்துப் பிடிப்பதும் சரியே. தொடக்கத்தில் தளர்வாகவும், விடுபடும் கணத்தில் இறுக்கமாகவும் பிடி இருக்க வேண்டும். முழு நேரமும் இறுக்கிப் பிடித்தால் முன்கைத் தசைகள் விறைத்து மணிக்கட்டின் வேகத்தைக் கொன்றுவிடும்.

கையைப் பின்னால் நீட்டும்போது உடலைச் சுற்றிக்கொண்டு போகாமல், இலக்கிலிருந்து பின்நோக்கி வரைந்த நேர்க்கோட்டில் வட்டைக் கொண்டுசெல்லுங்கள். முன்னிழுக்கும்போது முதலில் எடை முன்காலுக்கு மாற வேண்டும், பிறகு இடுப்பு திறக்க வேண்டும், பிறகு தோள், பிறகு முழங்கை, எல்லாவற்றுக்கும் கடைசியில் மணிக்கட்டு. சாட்டையைச் சொடுக்கும்போது பிடியில் தொடங்கும் அசைவு நுனியில் போய் வெடிப்பதுபோல, ஒன்று நிற்க அடுத்தது அதன் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். வட்டு மார்புக்கு நெருக்கமாக வருகையில் மேற்கை மார்போடு ஒட்டி மடங்கிவிடாமல், இரண்டுக்கும் நடுவே செங்கோண அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடைவெளி சுருங்கும்போதுதான் வட்டு கையிலிருந்து தாமதமாகப் பிரிந்து வலப்பக்கம் பாய்கிறது. வட்டு பிரிந்த பின்னும் உடல் தொடர்ந்து திரும்பட்டும். முன்காலின் குதிகாலில் சுழன்று முடித்தால் முழங்காலுக்குச் சுமை ஏறாது.

தொலைவைத் திருடும் பிழைகளில் பெரியது, ஆட்டக்காரர்கள் மூக்கு என்று அழைக்கும் முன்விளிம்பு தூக்கிக்கொண்டிருப்பதுதான். மூக்கு உயர்ந்த வட்டு மேலே ஏறி, காற்றில் தயங்கி, இடப்பக்கம் வழுக்கி விழும்; எவ்வளவு வலுவாக எறிகிறோமோ அவ்வளவு விரைவாக அது நிகழும். பிடியுள்ள கூஜாவிலிருந்து நீர் ஊற்றும்போது மணிக்கட்டு முன்பக்கமாகத் தணிகிறதல்லவா, எறியும் கணத்திலும் அது அந்த நிலையில் இருக்க வேண்டும். உயரம் வேண்டுமானால் தோள்களின் சாய்வை மாற்றிப் பெறலாம், மூக்கைத் தூக்கி அல்ல. கைப்பேசியைப் பக்கவாட்டில் நிறுத்தி மெதுவோட்டத்தில் படம் பிடித்துப் பார்த்தால், நாம் செய்வதாக நினைப்பதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் தெரியவரும்.

பட்டரை 60 மீட்டர் தொலைவுக்கு ஆட்டமின்றி நேராக அனுப்ப முடிந்தபின், அதே வட்டைச் சாய்த்து எறிந்து பழகுங்கள். இடப்பக்க விளிம்பு தாழ்ந்திருக்க எறிவது ஹைசர். அது உயர்ந்திருக்க எறிவது அன்ஹைசர். அதன்பிறகு ஓட்டத்தைச் சேர்க்கலாம்: வலக்கால் முன்வைத்து, இடக்காலை அதன் பின்னால் குறுக்காக இட்டு, மீண்டும் வலக்காலை ஊன்றும் மூன்று அடிகளே போதும். இதை நடக்கும் வேகத்தில் செய்யுங்கள். கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோகாமல், உள்ளங்கை முன்செல்ல எறியும் ஃபோர்ஹேண்ட் எறிதலில் சுழற்சி எதிர்த்திசையில் அமைவதால் வட்டு இறுதியில் வலப்பக்கம் விழும். மரங்களுக்கிடையே மிகவும் உதவும் என்றாலும், முழங்கையை வருத்தும் எறிதல் அது. ஆகவே நன்கு சூடேற்றிய பிறகே பழக வேண்டும்.

வட்டுகளைத் தெரிந்தெடுப்பதற்கு முன் ஒரு சிறு வரலாறு பயன்படும். கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975ஆம் ஆண்டு எட் ஹெட்ரிக் அமைத்த களமே நிரந்தரமாக நிறுவிய முதல் டிஸ்க் கால்ஃப் களமாகக் கருதப்படுகிறது. சங்கிலிக் கூடையும் அவர் கண்டுபிடிப்புதான். அக்காலத்து வட்டுகளின் விளிம்பு மூடியின் விளிம்பைப்போல் மழுங்கி இருந்தது. 1983ஆம் ஆண்டு டேவ் டுனிபேஸ் சரிவாகச் செதுக்கிய விளிம்புள்ள வட்டை உருவாக்கிய பிறகே தொலைவு பெருகத் தொடங்கியது. விளிம்பு எவ்வளவு கூராகவும் அகலமாகவும் இருக்கிறதோ அவ்வளவு எளிதாக அது காற்றைக் கிழிக்கும். அதே அளவுக்கு எறிபவரிடமிருந்து வேகத்தையும் கேட்கும். வேக எண் என்பது வட்டு தரும் வேகம் என்று எண்ணிக்கொள்வதால்தான் பலர் தவறான வட்டை வாங்குகிறார்கள். அது நாம் வட்டுக்குக் கொடுக்க வேண்டிய வேகம்.

இன்னோவா நிறுவனத்தின் ஏவியார் பட்டருக்கு 2, 3, 0, 1 என்ற எண்கள்; லெப்பர்டுக்கு 6, 5, -2, 1; டெஸ்ட்ராயருக்கு 12, 5, -1, 3. லெப்பர்டின் -2 என்பது, வேகமாகச் செல்லும்போது வலப்பக்கம் சாய இசையும் வட்டு என்று சொல்கிறது. புதியவரின் கையில் இதுவே நேராகப் பறக்கும். டெஸ்ட்ராயரின் 3 என்பது, வேகம் தளர்ந்ததும் இடப்பக்கம் வலுவாக விழும் என்பதற்கு அடையாளம். தொடக்கத்தில் ஒரு பட்டர், டிஸ்கிராஃப்ட் நிறுவனத்தின் பஸ் போன்ற, நடுத்தரத் தொலைவுக்கான ஒரு மிட்ரேஞ்ச், லெப்பர்ட் போன்ற, டிஸ்டன்ஸ் டிரைவரைவிட வேகம் குறைந்த ஒரு ஃபேர்வே டிரைவர் ஆகிய மூன்றே போதும். மீதிப் பணத்துக்கு அதே பட்டரில் இன்னும் இரண்டு வாங்குவது பயிற்சிக்கு நல்லது. எண்களை நிறுவனங்கள் தாமே அளிப்பதால், ஒரு நிறுவனத்தின் 7ஐ மற்றொன்றின் 7ஓடு அப்படியே ஒப்பிட வேண்டாம்.

எடையைப் பொறுத்தவரை, விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராமைத் தாண்டக்கூடாது என்பது தொழில்முறைச் சங்கமான பிடிஜிஏவின் விதி. 21 சென்டிமீட்டரை ஒட்டிய வட்டுகள் 175 கிராம் அளவில் நிற்பது இதனால்தான். டிரைவர்களில் 150 முதல் 165 கிராம் வரையுள்ளவை புதியவரின் கைக்கு இசைவானவை. பட்டர் மட்டும் சற்றுக் கனமாக இருக்கட்டும், காற்று அதை எளிதில் தூக்காது. மலிவான பிளாஸ்டிக் கையில் நன்றாகப் பிடிபடும், ஆனால் மரத்தில் மோத மோதத் தேய்ந்து வலப்பக்கம் சாயும் குணத்தைப் பெறும். உயர்ந்த பிளாஸ்டிக் நெடுநாள் தன் குணத்தைக் காக்கும். எதிர்க்காற்றில் எந்த வட்டும் இன்னும் வேகமாக எறிந்ததுபோல் நடந்துகொண்டு வலப்பக்கம் சாயும். அப்போது ஃபேட் மிகுந்த ஃபயர்பேர்ட் போன்ற வட்டை அடக்கமாக எறிவதே சரி.

ஒரு சுற்றில் எறிகளின் எண்ணிக்கை உண்மையில் குறைவது கூடைக்கு அருகில்தான். கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறியும்போது, வட்டு கையை விட்டபின் உடலின் சமநிலையை உறுதிப்படுத்திவிட்டே முன்னால் அடி வைக்க வேண்டும் என்பது விதி. ஆகவே எட்டிப் பாய்ந்து எறியும் பழக்கத்தை முதலிலிருந்தே தவிர்க்க வேண்டும். மணிக்கட்டையும் விரல்களையும் சொடுக்கி நிறையச் சுழற்சியுடன் நேராக அனுப்புவது ஒரு முறை. கால்களின் எழுச்சியால் தாழ்விலிருந்து மெதுவாகத் தள்ளி உயர்த்தி அனுப்புவது மற்றொன்று. முதல் முறை காற்றையும் தொலைவையும் தாங்கும், தவறினால் வட்டு கூடையைத் தாண்டி ஓடிவிடும். இரண்டாவது முறையில் தவறிய வட்டு கூடையின் அடியிலேயே கிடக்கும். இரண்டையும் கலந்து எறிபவர்களே இன்று மிகுதி. எதைத் தெரிந்தெடுத்தாலும், கூடையை மொத்தமாகப் பார்க்காமல் சங்கிலியின் ஒரே ஒரு வளையத்தைப் பாருங்கள். வட்டு இறுதியில் இடப்பக்கம் இழுக்கும் என்பதால் அந்த வளையம் நடுக்கம்பத்துக்குச் சற்று வலப்பக்கமாக இருக்கட்டும்.

பயிற்சியை 3 மீட்டரில் தொடங்குங்கள். பத்தில் ஒன்பது விழும்வரை அங்கேயே நின்று, பிறகு ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குங்கள். பத்தில் ஆறுக்குக் கீழே இறங்கினால் மீண்டும் ஓர் அடி முன்னால் வர வேண்டும். நாள்தோறும் பதினைந்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு எறிக்கும் முன் அதே மூச்சு, அதே ஊஞ்சல் அசைவு, அதே பார்வை இருக்க வேண்டும். முகத்துக்கு நேராகக் காற்று வீசினால் வட்டு உயரும், ஆகவே வழக்கத்தைவிடத் தாழ்ந்த வளையத்தைக் குறிவையுங்கள். பின்னாலிருந்து வீசினால் வட்டு தணியும், ஒரு வளையம் மேலே பாருங்கள்.