4+1 என்றால் ஐந்துதானா? எழுத்துப் படிப்பில் இரட்டைப் பட்டம் எடுப்பவர்கள் இடறும் இடங்கள்

அமெரிக்காவில் கல்லூரிப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ‘4+1’ என்ற பேச்சு அடிக்கடி காதில் விழும். இளநிலைக்கு நான்கு வருடம், முதுநிலைக்கு இரண்டு வருடம் ஆகவேண்டியதை ஒரே பல்கலைக்கழகத்தில் ஐந்து வருடத்துக்குள் அடக்கிவிடும் ஏற்பாடு அது. கணினி, பொறியியல் பக்கம் இது பழைய செய்தி. எழுத்தையே பாடமாக எடுத்தவர்களுக்கும் இந்த வழி பல இடங்களில் திறந்திருப்பது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. நியூ ஜெர்சியின் ரோவன் பல்கலைக்கழகத்தில் ‘ரைட்டிங் ஆர்ட்ஸ்’ என்று தனித் துறையே உண்டு. பிட்ஸ்பர்க்கின் கார்னகி மெலனில் தொழில்முறை எழுத்துக்கென்றே ஒரு முதுநிலைப் பட்டம் இருக்கிறது.

என் அண்ணன் மகள் இப்படி ஒரு படிப்பில் சேர்ந்தாள். ஐந்தாவது வருட மே மாதம் முடியவேண்டியது, அதற்கு அடுத்த டிசம்பரில்தான் முடிந்தது. அந்த ஏழு மாதம் எங்கே போனது என்று அவளோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். மூன்று கிரெடிட் (ஒரு வகுப்பின் பாட அளவைக் குறிக்கும் புள்ளி), அப்புறம் இன்னொரு மூன்று கிரெடிட். அவ்வளவுதான்.

முதலில் அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளவேண்டும். இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட். எழுத்தில் எம்.ஏ. என்றால் 30 முதல் 36 வரை. கூட்டுப் படிப்பில் சேர்ந்தவர் நான்காம் வருடத்தில் சில முதுநிலை வகுப்புகளை எடுக்கலாம். அவை இரண்டு பட்டத்துக்கும் சேர்த்து எண்ணப்படும். பல இடங்களில் இதற்கு உச்சவரம்பு 9 அல்லது 12 கிரெடிட். வேகம் என்று சொல்வதெல்லாம் இந்த 12-இல்தான் இருக்கிறது. எம்.ஏ. 30 கிரெடிட் என்றால், 12 போக மிச்சம் 18. ஒரு செமஸ்டருக்கு 9 வீதம் இரண்டு செமஸ்டர், சரியாக ஒரு வருடம். அதே எம்.ஏ. 36 கிரெடிட் என்றால் மிச்சம் 24. கோடையிலும் வகுப்பு எடுத்தாலொழிய ஒரு வருடத்தில் முடியாது; பல எழுத்துத் துறைகளில் கோடையில் முதுநிலை வகுப்புகளே ஒன்றிரண்டுதான் நடக்கும். விளம்பரத் தாளில் இரண்டுக்கும் பெயர் 4+1-தான்.

அண்ணன் மகள் இழந்த முதல் மூன்று கிரெடிட் அவசரத்தால் போனது. கூட்டுப் படிப்பில் சேர்ந்ததற்கான அனுமதி கைக்கு வரும் முன்பே, பேராசிரியரிடம் தனியாகக் கேட்டு ஒரு முதுநிலை வகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். நன்றாகவே எழுதினாள், ஏ மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அது இளநிலைக் கணக்கில் ஏறிவிட்டது. அனுமதிக்கு முந்தைய வகுப்பை எம்.ஏ.வுக்குப் பின்தேதியிட்டு மாற்ற முடியாது என்று அலுவலகத்தில் கைவிரித்துவிட்டார்கள். இந்தத் தவறைச் செய்வது பெரும்பாலும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான். மந்தமாகப் படிப்பவர்களுக்கு முதுநிலை வகுப்பில் முன்கூட்டியே போய் உட்காரத் தோன்றாது.

இரண்டாவது மூன்று, மதிப்பெண்ணில் போனது. இளநிலைக்கு சி வாங்கினால்கூடப் பெரும்பாலும் தேர்ச்சி. முதுநிலைப் பக்கம் பல இடங்களில் பி-க்குக் கீழே போனால் அந்த வகுப்பு பட்டத்தில் சேராது. இவளுக்கு ஒரு வகுப்பில் பி மைனஸ். ஒரே வகுப்பு ஒரு பட்டத்துக்கு நின்றது, இன்னொன்றுக்கு உதிர்ந்தது. ஆக, 12 என்று நினைத்தது 6 ஆயிற்று. 18 என்று நினைத்த மிச்சம் 24 ஆயிற்று.

அந்த பி மைனஸ் ஏன் வந்தது? அந்த செமஸ்டரில் அவள் மூன்று ஒர்க்‌ஷாப்களை ஒன்றாக எடுத்திருந்தாள். ஒர்க்‌ஷாப் என்றால் பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்து ஒருவர் எழுதியதை மற்றவர்கள் அலசுவது. தன் கதையை எழுதினால் மட்டும் போதாது. வாரத்துக்கு இரண்டு மூன்று பேரின் கையெழுத்துப் படியைப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, ஒரு பக்கக் கடிதமும் கொடுக்கவேண்டும். மூன்று ஒர்க்‌ஷாப் என்றால் வாரத்துக்கு எட்டுப் பேரின் கதை. தன் கதைக்கு ஞாயிறு ராத்திரிதான் மிச்சம். கணக்குப் பாடத்தை இரட்டிப்பு வேகத்தில் படித்துவிடலாம். ஒரு சிறுகதையை மூன்றாம் முறை திருத்த அதை மறந்திருக்கும் சில வாரங்கள் வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஒரு செமஸ்டருக்கு ஒரு ஒர்க்‌ஷாப், கூட எடிட்டிங், மொழியியல், இலக்கிய வாசிப்பு என்று வேறு தினுசு வகுப்புகள் இரண்டு. இந்தக் கலவை தாங்கும்.

பள்ளியிலேயே கல்லூரிக் கிரெடிட் பெற்றுத்தரக்கூடிய ஏ.பி. தேர்வுகளை எழுதி, அவற்றை நம்பி மூன்றரை வருடத்தில் இளநிலையை முடிக்கத் திட்டமிடுபவர்களும் உண்டு. ஏ.பி. ஆங்கிலம் முதலாண்டுக் கட்டுரை வகுப்பைக் கழித்துக்கொடுக்கலாம், பொதுப்பாடக் கிரெடிட் சிலவற்றையும் கொடுக்கலாம். ஆனால் அறிமுகம், இடைநிலை, மேல்நிலை என்று ஒர்க்‌ஷாப்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலி போட்டு நிற்கும். அதில் ஒரு கண்ணி இலையுதிர்கால செமஸ்டரில் மட்டும் நடக்கும் வகுப்பாக இருந்துவிட்டால் கையில் எத்தனை கிரெடிட் இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும். அதனால் கடைசி செமஸ்டரிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். பல இடங்களில் மூன்றாம் வருடத்திலேயே விண்ணப்பிக்கவேண்டியிருக்கும். எழுத்து மாதிரியும் கேட்பார்கள். இரண்டாம் வருடக் கடைசியிலாவது துறை ஆலோசகரைப் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

பணத்தில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. மத்திய அரசு தரும் பெல் உதவித்தொகை இளநிலை மாணவருக்கு மட்டும். 2025-26-இல் அதன் உச்சம் 7,395 டாலர். படிக்கும்போது வட்டியை அரசே ஏற்கும் மத்தியக் கடனும் அப்படித்தான். முதுநிலைக்கு மாறியதும் இரண்டும் நின்று, முதல் நாளிலிருந்தே வட்டி ஏறும் கடன் மட்டும் வருடத்துக்கு 20,500 டாலர் வரை கிடைக்கும். அதற்கு மேல் தேவைப்பட்டால் கைகொடுத்த ‘கிராட் பிளஸ்’ கடனும் 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்குக் கிடையாது. கூட்டுப் படிப்பில் ஒரு மாணவர் எந்த செமஸ்டரிலிருந்து முதுநிலை மாணவராக எண்ணப்படுவார் என்பது இடத்துக்கு இடம் மாறும். நிதியுதவி அலுவலகத்தில் இதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: இளநிலைப் பட்டம் நான்காம் வருட முடிவில் கையில் வருமா, இல்லை ஐந்தாம் வருடக் கடைசியில் இரண்டும் சேர்த்துத்தான் வருமா? பின்னது என்றால், நடுவில் படிப்பை நிறுத்துபவர் எந்தப் பட்டமும் இல்லாமல் வெளியே வரும் ஆபத்து உண்டு.

எஃப்-1 மாணவர் விசாவில் வந்தவர்களுக்கும் இதே கேள்வி முக்கியம். படிப்புக்குப் பின் வேலை செய்யத் தரப்படும் ஓ.பி.டி. என்ற அனுமதி, ஒவ்வொரு உயர்நிலைப் பட்டத்துக்கும் 12 மாதம். இடைவெளி இல்லாமல் இரண்டையும் படிப்பவருக்கு நடைமுறையில் ஒரு தடவைதான் அது பயன்படும். ஆங்கிலம், படைப்பெழுத்து வகைப் பட்டங்களுக்கு அறிவியல், தொழில்நுட்பப் பட்டங்களுக்கான 24 மாத நீட்டிப்பு கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் மாதக்கணக்கில், டாலர் கணக்கில் போகும் தவறுகள். என்னைக் கேட்டால், பெரிய தவறு வேறு. கதை, கவிதை எழுத வந்த பிள்ளை, சீக்கிரம் முடிகிறதே என்று எம்.ஏ.வில் உட்கார்ந்துவிடுவது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படைப்பெழுத்துக்கு இறுதிப் பட்டமாகக் கொள்ளப்படுவது எம்.எஃப்.ஏ. என்ற நுண்கலை முதுநிலைப் பட்டம். 4+1-இல் கிடைப்பது பெரும்பாலும் எம்.ஏ. படைப்பெழுத்துப் பேராசிரியர் வேலைக்கு அது போதாது, எம்.எஃப்.ஏ. அல்லது பிஎச்.டி.யோடு வெளிவந்த புத்தகமும் கேட்பார்கள். எம்.ஏ. கிரெடிட்டை எம்.எஃப்.ஏ.வுக்குக் கொண்டுபோகவும் பெரும்பாலும் விடமாட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மெதுவான வழிதான் சில சமயம் மலிவு. டெக்சாஸ் ஆஸ்டினின் மிச்செனர் மையத்தில் சேரும் எல்லாருக்கும் மூன்று வருடமும் உதவித்தொகை உண்டு. 1947-இல் தொடங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் படைப்பெழுத்துத் துறையின் எம்.எஃப்.ஏ.வில் கல்விக் கட்டணமும் இல்லை, கைக்குப் பணமும் வரும். இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு, அது உண்மை. ஆனாலும் ஐந்தாம் வருடத்துக்கு முழுக் கட்டணம் கட்டத் தயாராக இருக்கும் குடும்பம், ஒரு தடவையாவது அங்கே விண்ணப்பித்துப் பார்த்திருக்கவேண்டும்.

தொழில்நுட்ப எழுத்து, பதிப்புத் துறை, மானிய விண்ணப்பம் எழுதுவது, கம்யூனிட்டி கல்லூரியில் கட்டுரை வகுப்பு நடத்துவது என்ற பக்கம் போகிறவர்களுக்கு எம்.ஏ. நன்றாகவே உதவும். கல்லூரியில் நடத்த நினைப்பவர்கள், ஆங்கிலத்தில் 18 முதுநிலைக் கிரெடிட் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். பல கல்லூரிகள் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கின்றன. நிறுவனங்களில் தொழில்நுட்ப எழுத்தாளராகப் போகிறவர்களிடம் பட்டத்துக்கு முன் கேட்கப்படுவது, எழுதிய கையேடுகளின் தொகுப்பு. ஐந்து வருட அவசரத்தில் இன்டர்ன்ஷிப்பைக் கழற்றிவிட்டவர்களிடம் அது இருக்காது.

ஏற்கெனவே நான்காம் வருடத்தில் இருக்கிறீர்கள், கூட்டுப் படிப்புக்கான கடைசித் தேதி போய்விட்டது என்றால், எந்த அனுமதியும் இல்லாமல் முதுநிலை வகுப்பில் மட்டும் போய் உட்காராதீர்கள். எம்.எஃப்.ஏ. விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும். மிக முக்கியமாகப் பார்க்கப்படுவது எழுத்து மாதிரி. வகுப்பில் அலசப்பட்ட ஒரு கதையை இப்போதே எடுத்து வைத்தால், அதற்குள் இரண்டு தடவையாவது திருத்தி எழுத நேரம் இருக்கும்.