வெளிப்புற எஸ்எஸ்டி மெதுவாக இயங்கினால் முதலில் கேபிளைப் பாருங்கள்

புதிதாக வாங்கிய வெளிப்புற எஸ்எஸ்டியில் (கணினியுடன் கேபிளால் இணைக்கும் வேகமான சேமிப்புச் சாதனம்) கோப்புகள் ஆமை வேகத்தில் நகர்ந்தால், குறை பெரும்பாலும் அந்தச் சாதனத்தில் இருக்காது. அதை இணைக்கும் கேபிளில்தான் இருக்கும். கைபேசியுடன் வரும் யூஎஸ்பி-சி கேபிள்களில் பல, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த யூஎஸ்பி 2.0 தரத்தின்படி நொடிக்கு 480 மெகாபிட் வரை மட்டுமே தரவைக் கடத்தக்கூடியவை. நடைமுறையில் அந்த வேகம் நொடிக்குச் சுமார் 40 மெகாபைட்டைத் தாண்டுவதில்லை என்பதால், 100 ஜிகாபைட் அளவுள்ள குடும்பப் படங்களை நகலெடுக்க 40 நிமிடங்களுக்கு மேல் ஆகிவிடும். கேபிள், எஸ்எஸ்டி, கணினியின் போர்ட் ஆகிய மூன்றும் 10 ஜிகாபிட் வேகத்துக்கு உரியவையாக இருந்தால், அதே வேலை ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும்.

இரு வகைக் கேபிள்களின் முனைகளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பதுதான் சிக்கல். ஆகவே முனையில் வேகத்தை ஜிகாபிட்டில் காட்டும் 10, 20, 40 என்ற எண்களில் ஒன்றோ, தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பு முறையைக் குறிக்கும் மின்னல் குறியோ அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். எந்தக் குறியும் இல்லாத கேபிளைச் சார்ஜ் செய்வதற்கென்றே ஒதுக்கிவிடலாம்.

பழைய செவ்வக வடிவ யூஎஸ்பி 3 முனையை மெல்லச் செருகும்போது, பழைய தரத்துக்குரிய நான்கு தொடுமுனைகள் முதலில் பட்டு, இணைப்பு 2.0 வேகத்திலேயே நின்றுவிடுவதும் உண்டு. அவ்வாறு நேர்ந்தால் கழற்றிவிட்டு, ஒரே அழுத்தில் முழுமையாகச் செருகிப் பாருங்கள்.