மனித இனப் பேராபத்துகளைப் பற்றிப் பேச வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மனித இனத்தையே முடித்துவிடக்கூடிய ஆபத்துகளைப் பற்றிப் படிக்கிறோம். அணு ஆயுதப் போர், ஆய்வுக்கூடத்தில் உருவாக்கிய கிருமி, கட்டுக்கடங்காத செயற்கை நுண்ணறிவு, விண்கல் எல்லாம் வரும். புதிதாக வருகிறவர் முதல் மாதம் என்ன பேசுவார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். நானும் அதையெல்லாம் பேசியவன்தான். ஆண்டைத் தப்பாகச் சொல்வது, பெயரைக் குழப்புவது எல்லாம் படிக்கப் படிக்கத் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பட்டால்தான் புத்தி வரும் என்பது

இதைக் கேட்டால் இன்னும் எரிச்சல் வருகிறது. "ஒரு தடவை நடக்கட்டும் அண்ணே, அப்புறம் உலகம் சுதாரிச்சுக்கும்" என்றான் ஒரு பையன். எட்டிப் பார்க்க வந்த தேவகோட்டைப் பெரியவர் ஒருவர் அவனுக்குத் துணை சேர்ந்தார்: "பர்மா போனதைவிடவா தம்பி? நாங்க எந்திரிச்சு நிக்கலையா?"

பெரியவர் சொன்னது பொய்யில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனுக்கு ஈடாக வயல்கள் வந்து சேர்ந்ததில், 1938 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம், அங்கே வட்டிக்குக் கடன் கொடுத்துவந்த நம் பக்கத்துச் செட்டியார்கள் கையில் இருந்தது. 1942இல் ஜப்பானியப் படை வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பினார்கள். ஆனால் வந்து சேர கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று இங்கே சொந்த ஊர்கள் இருந்தன. வீடு இருந்தது, பங்காளிகள் இருந்தார்கள், மறுபடி கடை போட வேறு ஊர்கள் இருந்தன. மொத்த மனித இனத்துக்கும் ஒன்று நேர்ந்தால் எந்தக் கானாடுகாத்தானுக்குத் திரும்புவது?

2004 சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் அத்தனை உயிர்கள் போன பிறகு, 2007இல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. பட்டுத்தான் கற்றோம். கொடுமையான வழி என்றாலும், எஞ்சியவர்கள் இருக்கிற வரை அந்த வழி செல்லும். நம் சட்டங்களும் நிதி ஒதுக்கீடும் பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கின்றன. அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு செலவு வைக்கிறது: ஒரே ஒருமுறைகூட நடக்கக்கூடாத விஷயத்துக்கும் முதல் சேதம் வரட்டும் என்று காத்திருக்கிறோம்.

நடப்பதற்கு முன்பே வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2022 செப்டம்பரைச் சொல்வேன். நாசா தன் டார்ட் விண்கலத்தை டைமார்போஸ் என்ற சிறிய விண்கல் மேல் வேண்டுமென்றே மோதவிட்டது. அந்தக் கல்லால் பூமிக்கு ஆபத்தே கிடையாது, வெறும் ஒத்திகை. பக்கத்துப் பெரிய கல்லை அது ஒருமுறை சுற்றிவரச் சுமார் 11 மணி 55 நிமிடம் ஆகும். மோதிய பிறகு அந்த நேரம் அரை மணிக்கு மேல் குறைந்தது. அதாவது, வருகிற கல்லின் பாதையை மோதி மாற்ற முடியும். "காசைக் கரியாக்கிட்டாங்க" என்றான் அதே பையன். பதில் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டேன்.

விண்கல்லையே பிடித்துத் தொங்குவது

சினிமா மாதிரி இருப்பதால் எல்லோருக்கும் பிடிக்கிறது. விண்கல், எரிமலையோடு மனித இனம் சுமார் 3 லட்சம் ஆண்டுகள் தாக்குப்பிடித்திருக்கிறது. அணுகுண்டோடு வாழத் தொடங்கியது 1945இல்தான். நாமே செய்துவைத்த ஆபத்துகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

தேதி குறிப்பது

வேண்டாம். அதற்கு ஊரில் ஜோசியர்கள் இருக்கிறார்கள்.

இதுவரை தப்பித்தோமே என்பது

எப்படித் தப்பித்தோம் என்று பாருங்கள். 1983 செப்டம்பர் 26 அன்று, அமெரிக்க ஏவுகணைகள் வருவதாகச் சோவியத் எச்சரிக்கைக் கருவி காட்டியது. பணியில் இருந்த சோவியத் ராணுவ அதிகாரி ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று முடிவுகட்டி மேலிடத்துக்குச் சொன்னார். மேகங்களில் பட்ட வெயிலைச் செயற்கைக்கோள் தப்பாகப் படித்திருந்தது. அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்திருந்தால்?

படிப்பை விட்டுவிட்டு வருகிறேன் என்பது

விடாதீர்கள். நுண்ணுயிரியல் படிக்கிறவர் கழிவுநீரில் கிருமிகளைக் கண்காணிக்கும் முறைகளைக் கற்கலாம். சட்டம் படிக்கிறவருக்கு உயிரி ஆயுதத் தடை ஒப்பந்தம் இருக்கிறது. 1975 முதல் நடைமுறையில் இருந்தும், கையெழுத்திட்ட நாடு சொன்னபடி நடக்கிறதா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இன்னும் கிடையாது. எங்கள் குழுவில் சட்டம் படிக்கிறவர் ஒருவர்கூட இல்லை. யாராவது இருந்தால் வாருங்கள்.