புது பார்ட் மாட்டியதும் கம்ப்யூட்டர் எழும்பவில்லையா? ரிட்டர்ன் போடும் முன் பார்க்க வேண்டியவை

நேற்று வரை ஓடிய மெஷின். புது ரேமோ கிராபிக்ஸ் கார்டோ மாட்டி பட்டனை அமுக்கினால் திரை கறுப்பு. "அண்ணே, புது பார்ட் டெட்டுண்ணே, டிஸ்பிளே வரமாட்டேங்கு" என்று போன் போட்டுவிட்டு, கேபினட்டை ஸ்கூட்டரில் ஏற்றி நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். அவசரம். பழுதான பார்ட் வருவதும் உண்டுதான். ஆனால் பெரும்பாலும் கோளாறு, மாட்டும்போது கை பட்ட இடத்தில்தான் இருக்கும்.

ஃபேன் சுற்றுகிறதா என்று முதலில் பாருங்கள். சுற்றவே இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் (கரண்ட் கொடுக்கும் பெட்டி) பின்பக்க சுவிட்ச், 24 பின் கேபிள், பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய வயர், இந்த மூன்றையும் பாருங்கள். பெரிய கார்டை உள்ளே திணிக்கும்போது அந்த வயர் சத்தமில்லாமல் கழன்றுவிடும். ஃபேன் சுற்றியும் டிஸ்பிளே இல்லையென்றால், இப்போதைய மதர்போர்டுகள் பலவற்றில் சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (கிராபிக்ஸ் கார்டு), பூட் (விண்டோஸ் இருக்கும் டிஸ்க்) என்று நாலு குட்டி விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ, தேட வேண்டியது அங்கே. மானிட்டர் கேபிளைப் புது கார்டில் செருகாமல், பழையபடி மதர்போர்டிலேயே செருகிவிட்டு, கார்டைக் குறை சொல்பவர்களும் நிறைய.

அதிகம் ஏமாற்றுவது ரேம். இரண்டு ஸ்டிக் என்றால், நாலு ஸ்லாட் போர்டில் சிபியுவிலிருந்து எண்ணி 2, 4ஆம் ஸ்லாட்டுகள்தான் வழக்கம். சில போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கிளிப் இருக்கும். கிளிப் இல்லாத முனை அரை மில்லிமீட்டர் தூக்கி நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது, இரு முனையையும் அழுத்திப் பாருங்கள். குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களில் பழைய ஸ்டிக்கின் தங்க நிறப் பற்களில் உப்புக் காற்று மங்கல் படியும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்தால் போதும். ரப்பர் போட்டுத் தேய்ப்பது நம்மூர் வழக்கம்தான், ஆனால் அந்தத் துகளை ஸ்லாட்டுக்குள் விட்டால் இன்னொரு தலைவலி. டிடிஆர்5 எனும் புதுவகை ரேமாக இருந்தால் பொறுமை வேண்டும். முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள போர்டு சில நிமிடம் கறுப்புத் திரையோடே நிற்கும். பயந்து சுவிட்சை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து.

நிஜமாகவே பார்ட்டைக் கொல்லும் தவறு ஒன்று உண்டு: புது எஸ்எம்பிஎஸ் வாங்கிவிட்டு, பழைய மாடுலர் (தனியே கழற்றி மாட்டும்) கேபிள்களையே அதில் செருகுவது. செருகும் முனை ஒன்றுபோல இருக்கும், உள்ளே வயர் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி வேறு. ஹார்டு டிஸ்க்கும் எஸ்எஸ்டியும் கருகிவிடலாம். 8 பின் பவர் கேபிளிலும் குழப்பம் வரும். நாலும் நாலுமாகப் பிரிவது சிபியுவுக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. மாறிப் போகாமல் இருக்கத்தான் அந்த வடிவம். இறங்க மறுத்தால் பலம் காட்டாதீர்கள்.

புது பிராசஸர் என்றால் பயாஸை (மதர்போர்டை எழுப்பும் உள் மென்பொருள்) கவனியுங்கள். பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசையை வைத்தால், பயாஸை அப்டேட் செய்யாமல் எழும்பாது. பழைய சிபியுவை வைத்தே அப்டேட் செய்துவிட்டு மாற்றுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்கவே கூடாது.

அந்த யுபிஎஸ்ஸும் சில சமயம் வில்லன். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுதான் தாங்கும். விண்டோஸ் வந்து, கேம் திறந்ததும் பொத்தென்று அணைந்தால், இடி மின்னல் இல்லாத நேரம் பார்த்து நேரே சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள்.

எதற்கும் மசியாவிட்டால் பவர் கேபிளைப் பிடுங்கி, போர்டிலுள்ள சிஆர்2032 எனும் பட்டன் பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் கழித்து மாட்டுங்கள். அப்புறம் ஒரே ஒரு ரேம், பழைய கார்டு என்று குறைத்து, ஒவ்வொன்றாகச் சேருங்கள். பழையதோடு எழும்பி, புதியதோடு மட்டும் படுத்தால், தெரிந்தவர் ஒருவரின் மெஷினில் அந்தப் பார்ட்டை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். அங்கேயும் வரவில்லையா, ரிட்டர்ன் போடலாம்.